பன்னிரண்டு அடிக் குளம்

ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலையில் சேர்வதற்கு நடுவே ஒரு மாதம் கிடைத்தால் புத்தியுள்ளவன் தூங்குவான். நான் சேவை செய்யப் போனேன். சென்னையில் மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான்கு வருஷம் இருந்து அலுத்துப்போய், பம்பாயில் வேறொரு கம்பெனியில் இடம் பிடித்திருந்தேன். அக்டோபர் ஒன்றாம் தேதி அங்கே ஆஜராக வேண்டும். எழுபதுகளின் கடைசி அது. கிராமத்தைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை படித்த பையன்களுக்கு ஜுரம் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கும் வந்தது. அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குளம் தூர் வாரும் முகாம், தொண்டர்கள் தேவை என்ற நோட்டீஸை நூலகத்துச் சுவரில் பார்த்தேன். வீட்டில் சொன்னதும் அம்மா, "நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியக் கழுவுடான்னு ஆறு மாசமாச் சொல்லிண்டிருக்கேன்" என்றாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கிளம்பினேன்.

பெரம்பலூரில் பொழுது விடியும்போது இறங்கினேன். பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. சென்னையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மூன்று வகை இல்லையென்றால் முகம் சுளிப்பவன் நான். இங்கே ஒரே ஒரு சட்னி, சின்ன வெங்காயத்தை வதக்கி அரைத்தது. ஒன்பது இட்லி சாப்பிட்டேன். அந்த ஒரு மாதத்தில் யாருக்கும் கெடுதல் இல்லாமல் நான் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான். கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்று விசாரித்தார்.

"எங்க போறீங்க?"

"அரியலூர்ப் பக்கம். குளம் வெட்டப் போறேன்."

அவர் என் சலவைச் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "காண்ட்ராக்டுங்களா?"

"இல்லை, சும்மாதான். சேவை."

"சும்மாவா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வூட்டுல ஏதும் கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா தம்பி?"

அரியலூர் பஸ் பாதி வழியில் கொதித்து நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கண்டக்டர் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு பருத்திக் காட்டுக்குள் இறங்கிப் போனார், திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் கிணற்றில் தண்ணீர் இல்லையாம், இரண்டாவதில் இருந்ததாம், வாளி இல்லையாம். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் நிம்மதியாகத் தூங்கினார். வண்டியில் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இந்த நாடு உருப்படாது என்று முணுமுணுத்தவன் நான் ஒருவன்தான். ஆடியில் பெய்ய வேண்டிய மழை அந்த வருஷம் அந்தப் பக்கத்தை ஏமாற்றியிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அரியலூரில் முகாம் ஜீப் காத்திருந்தது. அதன் நெற்றியில் 'உழைப்பே வழிபாடு' என்று துணி கட்டியிருந்தார்கள். கீழப்பழுவூர் போகும் சாலையில் அதை இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளி வழிபட்டோம். முகாமின் தலைவர் ஏதோ சர்க்கார் ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். கதர், மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். என் தொழிலைக் கேட்டார்.

"இன்ஜினியர். மின்விசிறி செய்யற கம்பெனியிலே..."

"இன்ஜினியரா! நமக்கு வேண்டியது அதுதான்" என்று பாதியிலேயே நோட்டில் எழுதிக்கொண்டார். மின்விசிறி அந்த நோட்டில் ஏறவில்லை. நானும் ஏற்றச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து முகாமில் நான் 'இன்ஜினியர் சார்' ஆகிவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழப்பழுவூரிலிருந்து உள்ளே நாலு மைல் மண் ரோடு. ஊர் ஒரு பக்கம், அரை மைல் வயல் தாண்டிக் காலனி ஒரு பக்கம். காலனியில் நாற்பது வீடுகள். தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர்களுடைய குளம்தான் நாங்கள் தூர் வார வந்தது. பள்ளிக்கூடத்தின் ஒரே அறையில் இருபத்திரண்டு தொண்டர்கள் படுத்தோம். வங்கிக் குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள், தினமும் காலையில் டைரி எழுதும் ஒரு பேராசிரியர். இவர்களில் மண்வெட்டியை முன்பே பார்த்தவர்கள் இருந்தார்கள். பிடித்தவர்கள் இல்லை.

எங்களுக்குச் சமைத்தது அஞ்சலை. காலனிக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும், வெண்கலக் குரல். சாப்பாடு சாத்வீகமாக இருக்க வேண்டும் என்பது ஐயாவின் உத்தரவு. மிளகாய் கூடாது, வெங்காயம் கூடாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெங்காயம் விளையும் சீமையில் உட்கார்ந்துகொண்டு பூசணிக்காயை உப்பு மட்டும் போட்டு வேகவைத்துத் தின்றோம். அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஐயா எழுந்து நின்று, "இந்த உணவைச் சமைத்தவர் நம் சகோதரி அஞ்சலை. அவர் கையால் நாம் உண்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம்" என்பார். நாங்கள் கண்ணை மூடி நினைவில் கொள்வோம். தினம் இரண்டு வேளை.

"என்னத்துக்கு சார் இதையே தெனமும் சொல்றாரு?" என்று அஞ்சலை என்னிடம் கேட்டாள். "சோறு நல்லால்லன்னா யாரத் திட்டணும்னு தெரிஞ்சு வச்சுக்கவா?"

இரண்டாம் நாள் முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவர என்னை அனுப்பினார்கள். மாட்டு வண்டியில் பீப்பாய், கூடவே அஞ்சலை தன் வீட்டுக் குடத்தோடு. ஊர்க் கிணற்றருகே போனதும் அவள் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். கிணற்று மேடையில் ஊர்ப் பெண்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். காலனிப் பெண்கள் ஆறேழு பேர் ஏற்கெனவே குடத்தை வைத்துக்கொண்டு கீழே நின்றார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு மனம் வந்து ஊற்றினால் தண்ணீர், இல்லையென்றால் நிற்க வேண்டியதுதான். "நீங்க மேல வந்து எறைச்சுக்கலாம் சார்" என்று எனக்கு மரியாதையாக வழி விட்டார்கள். ஏறினேன். இறைத்தேன். அஞ்சலையின் குடத்திலும் ஊற்றினேன். புரட்சி செய்துவிட்ட பெருமிதம் எனக்கு. நானும் மேலே இருந்துதான் ஊற்றினேன், அவள் கீழேதான் நின்றாள் என்பது அப்போது தெரியவில்லை.

திரும்பும்போது அவள் சொன்னாள்: "குளத்துல தண்ணி நின்னா இங்கன வந்து நிக்க வேண்டியதில்ல சார். ஐப்பசி கார்த்திகையில ரொம்புச்சுன்னா பங்குனி வரைக்கும் தாங்கும். அந்த ஆறு மாசம் நாங்க யாரு மொகத்தையும் பாக்க மாட்டோம். தூந்து போச்சு, இப்ப ரெண்டு மாசத்துக்கே வர்றதில்ல. அதுக்குத்தான் நீங்கள்லாம் வந்ததுல எனக்கு அம்புட்டுச் சந்தோசம்."

ஐயாவிடம் கிணற்று விஷயத்தைச் சொன்னேன். "பார்த்தேன். படிப்படியாக மாறும். நாம் ஊர்ப் பகையைத் தேடிக்கொள்ளக் கூடாது" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல அஞ்சலையின் கையை நினைவில் கொண்டோம்.

வேலை எப்படி நடந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். காலையில் ஒரு பாட்டு. பிறகு உழைப்பின் மேன்மை பற்றி ஐயாவின் உரை. வெயில் ஏறியதும் குளத்தில் இறங்குவோம். மூன்று கூடை மண் சுமந்ததும் யாராவது கையில் கொப்புளத்தைக் காட்டுவார்கள், எல்லோரும் கூடிப் பார்ப்போம். மோர் வரும். பேராசிரியர் யாராவது ஒருவரை மண்வெட்டியோடு நிறுத்திப் போட்டோ எடுப்பார். மத்தியானம் பூசணிக்காய், தூக்கம், கலந்துரையாடல். மாலையில் காலனி ஆட்கள் கூலி வேலை முடிந்து வருவார்கள். கரையில் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்ப்பார்கள். பிறகு அஞ்சலையின் புருஷன் முருகேசனும் நாலைந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்ததைப் போல இரண்டு பங்கு மண்ணை இருட்டுவதற்குள் அள்ளிவிட்டுப் போவார்கள். ஐயா அதையும் நோட்டில் 'தொண்டர் உழைப்பு' என்றே எழுதிக்கொண்டார்.

நான் மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்து அஞ்சலை ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். "மம்புட்டிய அப்படிப் புடிச்சா கால்லதான் போட்டுக்குவீங்க, இன்ஜினியர் சார்" என்று வாங்கி, நாலு வெட்டு வெட்டிக் காட்டினாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதை மறக்கவில்லை என்பதைப் பின்னால் காட்டிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் வாக்கில் வண்டல் முடிந்து கருநீலமாகக் களிமண் வந்தது. வெண்ணெய் மாதிரி இருந்தது, கையில் ஒட்டினால் போகவில்லை. சோற்று வாளியோடு வந்த அஞ்சலை குனிந்து அதைக் கிள்ளி உருட்டிப் பார்த்தாள்.

"களி வந்துருச்சு. இதோட நிறுத்திக்குங்க. மழை பேஞ்சு வத்துறப்ப ஆடு கன்னுகள ஓட்டி ஒரு மிதி மிதிச்சுட்டோம்னா போதும். அது எங்க வழக்கம், நாங்க பாத்துக்குறோம்."

வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அன்று மாலையே திருச்சியிலிருந்து பலகை வந்து சேர்ந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. முகாமின் பெயர், ஐயாவின் பெயர், திறந்து வைக்க வரப்போகும் அதிகாரியின் பெயர், அதற்குக் கீழே 'பன்னிரண்டு அடி ஆழமுள்ள இக்குளம் தொண்டர்களால் உருவாக்கப்பட்டது' என்று. முகாம் தொடங்கும் முன்பே ஐயா எழுதக் கொடுத்துவிட்டாராம். அளந்து பார்த்தோம். ஒன்பது அடிதான் இருந்தது.

"ஒன்பதுன்னு மாத்தி எழுதிடலாமே ஐயா" என்று ஒரு மாணவன் சொன்னான்.

ஐயா அவனை வருத்தத்தோடு பார்த்தார். "மக்களுக்குக் கொடுத்த வாக்கு தம்பி" என்றார். காலனியில் யாரும் அடிக்கணக்கில் வாக்குக் கேட்டதாக எனக்குத் தெரியாது. மறுநாள் காலை கூடுதலாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு, பலகைக்குத் தகுந்தபடி குளத்தைத் தோண்ட இறங்கினோம்.

களியை வெட்டிக் கரையில் போட மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் மண்வெட்டிகள் 'நங்' என்றன. கீழே வெளுத்த சுண்ணாம்புக் கல், கையால் பெயர்த்தால் பொடிப்பொடியாக வந்தது. அதற்குள் கல்லாகிப்போன சிப்பிகள், நத்தைகள், சுருட்டின பாம்பு மாதிரி சங்குகள். முகாமே குதூகலித்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்று பேராசிரியர் கரையில் நின்று வகுப்பெடுத்தார். ஆளுக்கு நாலு சிப்பி பையில் போட்டுக்கொண்டோம். வங்கிக்காரர்கள் தங்கள் மானேஜருக்கு வேறு பொறுக்கினார்கள்.

கூச்சல் கேட்டு அஞ்சலை கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். குளத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போயிற்று.

"ஐயையோ, வெள்ளக்கல்லு வரைக்கும் போயிட்டீங்களா? போதுங்க, நிறுத்துங்க. அந்தக் களிய திரும்பக் கொட்டிருங்க."

ஐயா சிரித்தார். "அம்மா, பயப்படாதே. நம்ம இன்ஜினியர் சாரையே கேட்போம். அவர் சொன்னால் சரிதானே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சார். நீங்க படிச்சவங்க. இது தண்ணிய வச்சுக்காதுங்க, அப்படியே குடிச்சிரும். எங்க மாமனார் காலத்துல ஒரு ஓரமா களி ஒரு சாணு ஒடஞ்சதுக்கே அந்த வருசம் முச்சூடும் ஊர்க் கிணத்துலதான் நின்னோம்."

இருபத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது காலில் ஒட்டும் என்பதுதான். விசிறியின் இறக்கை எந்தக் கோணத்தில் வளைந்தால் காற்று எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 'எனக்குத் தெரியாது' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஆழம் கூடினா கொள்ளளவு கூடும். தண்ணி அதிகமாத்தான் பிடிக்கும், குறையாது. இது சாதாரணக் கணக்கு" என்றேன்.

"புடிக்கறது வேற, நிக்கறது வேறங்க."

"அஞ்சலை, நான் இன்ஜினியர்" என்றேன்.

அவள் கரண்டியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். மண்வெட்டிக்காக அன்று சிரித்தவளை இன்று பேச்சில்லாமல் செய்துவிட்டோம் என்று எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். அது இருந்தது, மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டு அடி ஆயிற்று. பலகையை நட்டோம். அதிகாரி வந்தார், மாலை போட்டோம். காய்ந்த குழியைப் பார்த்து, பொங்கி வழியும் கடலைப் பார்ப்பவர் மாதிரி பேசினார். காலனிக்காரர்கள் பின்னால் நின்று கைதட்டச் சொன்னபோது கைதட்டினார்கள். முருகேசனின் கையில் யாரோ ஒரு புது மண்வெட்டியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே வானம் கறுத்தது. விடிய விடியப் பெய்தது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் குளத்தில் மார்பளவு தண்ணீர். ஐயாவின் கண் கலங்கியது. பிள்ளைகள் குதித்தார்கள், பெரியவர்கள் சட்டையோடு இறங்கினார்கள், ஒரு குமாஸ்தா தேம்பி அழுதார். நானும் நனைந்தேன், நெஞ்சு விம்மியது. கரையில் நின்ற அஞ்சலையைப் பார்த்து, எப்படி என்பது போலத் தலையாட்டினேன். "நின்னா சரிதாங்க" என்றாள். மத்தியானம் லாரி வந்தது. எல்லோரும் பாடிக்கொண்டே ஏறிப் போனார்கள்.

நான் போகவில்லை. கீழப்பழுவூரின் பழைய சோழர் காலத்துக் கோயில்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு நாள் மிச்சம் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் போய், கோயில் கோயிலாகச் சுற்றினேன். ஆயிரம் வருஷமாகியும் கல் கல்லின் மேல் அசையாமல் நிற்கிறது. கட்டியவர்கள் முதலில் பலகை எழுதிவிட்டுக் கட்டத் தொடங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஐயாவையும் அவர் நோட்டையும் நினைத்து நன்றாகச் சிரித்துக்கொண்டேன். சாயங்காலம் நடந்தே காலனிக்குத் திரும்பினேன்.

குளத்தில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு, சுற்றிலும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளைக் கல். காலனியே கரையில் நின்றது. யாரும் கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அஞ்சலை மட்டும் குழிக்குள் இறங்கி, கல்லைக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அஞ்சலை, நான் மண் வேலை இன்ஜினியர் இல்லை. ஃபேன் செய்யற கம்பெனியிலே இருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஃபேனுங்களா? மேல சுத்துமே, அதா?"

"ஆமாம்."

"அப்ப அன்னிக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவள் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்துச் சொன்னாள். வெட்டிய களி இன்னும் கரையில்தான் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து ஒரு முழத்துக்குப் பரப்ப வேண்டும், நனைக்க வேண்டும், கனத்த மாடுகளை விட்டு நாள் முழுக்க மிதிக்க வேண்டும். பத்து நாள் வேலை. ஐப்பசி மழைக்குள் முடிந்தால் குளம் பிழைக்கும். காலனியில் பாதிப் பேர் நடவு வேலைக்குத் தா.பழூர்ப் பக்கம் கிளம்பிவிட்டார்கள். மீதி இருப்பவர்கள் செய்வார்கள். ஆனால் காலனியில் இருப்பது ஆடும் நாலைந்து கன்றுகளும்தான்.

"ஊருக்குள்ள ஏழெட்டு ஜோடி உழவு மாடு இருக்கு. நாங்க கேட்டாத் தர மாட்டாங்க, ஒங்க கொளத்துக்கு எங்க மாடான்னுவாங்க. நீங்க கேட்டாத் தருவாங்க சார். அன்னிக்குக் கிணத்து மேல ஏத்துனாங்கல்ல? நீங்க பத்து நாளு இங்கன நின்னு, ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"இருக்கேன்" என்றேன். சத்தியமாக மனசார‌த்தான் சொன்னேன். "கம்பெனிக்குத் தந்தி கொடுத்துப் பத்து நாள் கேட்டுக்கறேன். நாளைக்குக் காலையிலே அரியலூர் போயிட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துடுவேன்."

அன்று அவள் வீட்டில் சாப்பிட்டேன். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, பச்சை வெங்காயம். ஒரு மாதத்தில் முதல் முறையாக வயிறு நிறைந்தது. முருகேசன் எந்தெந்த வீட்டில் எந்த மாடு, யாரை முதலில் கேட்பது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

காலையில் கிளம்பும்போது என் பையையும் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அஞ்சலை வாசலில் நின்றாள்.

"பையி எதுக்கு சார்?"

"கம்பெனி லெட்டர் உள்ளே இருக்கு. விலாசம் பார்க்கணும்."

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிங்க சார். சாயங்காலம் பஸ்ஸுக்கு ஆளு யாரும் அனுப்பலீங்க. வழி தெரியும்ல ஒங்களுக்கு, வந்துருவீங்க" என்றாள்.

அரியலூர் தபாலாபீசில் தந்திப் படிவம் வாங்கி எழுத உட்கார்ந்தேன். சேர்வதற்குப் பத்து நாள் அவகாசம் வேண்டும், காரணம்... அதோடு பேனா நின்றுவிட்டது. பம்பாயில் குளிர்சாதன அறையில் என்னைப் பேட்டி கண்ட மூன்று பேர் அந்தத் தந்தியைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். காரணம், மாடு வைத்துக் குளம் மிதிக்க வேண்டும். எனக்கே சிரிப்பு வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர், என் தவிப்பைப் பார்த்துவிட்டார்.

"லீவு கேக்குறீங்களா? மதர் சீரியஸ்னு போடுங்க சார். எல்லாரும் அதான் போடுவாங்க."

ஆரோக்கியமாக இருக்கும் தாயைப் படுக்கையில் போட மனம் வரவில்லை. பொய் சொல்லி ஒரு வேலையைத் தொடங்கக் கூடாது என்று எனக்குள் ஒரு நேர்மை திடீரென்று எழுந்து நின்றது. எவ்வளவு உயர்ந்தவன் நான்! படிவத்தை நாலாக மடித்துக் கிழித்தேன். சரி, நேரே போய்ச் சொல்லிப் புரியவைத்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டேன். பம்பாயிலிருந்து எப்படித் திரும்புவது என்பதை நினைக்கவில்லை. தபாலாபீசுக்கு வெளியே ஒரு குதிரை வண்டி நின்றது. ஸ்டேஷனுக்கா சார் என்று வண்டிக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

சென்னை வண்டி அன்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்தது. வயல்கள் நகரத் தொடங்கின. எதிரே உட்கார்ந்திருந்தவர் விவசாயி, மடியில் ஒரு துணிமூட்டை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"பட்டணத்து ஆளா இருக்கீங்க. இந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க தம்பி?"

"சேவை செய்ய வந்தோம். ஒரு காலனியிலே குளம் வெட்டினோம்."

"நல்ல காரியம். புண்ணியமாப் போவும்." அவர் ஜன்னல் வழியாக எச்சிலைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "முந்தாநாளு மழை பேஞ்சுதே. தண்ணி நிக்குதுங்களா?"

"நிக்குது" என்றேன்.